தொலைவில் இருந்தே ஒரு பாடல்

கோலாலம்பூரில் ஒருவர் மிருதங்கம் வாசிக்கிறார்; சிங்கப்பூரில் அவருடைய நண்பர் பாடுகிறார். காணொளி அழைப்பில் இருவரும் சேர்ந்து இசைத்தால் தாளம் தப்பும். ஒலி இணையத்தைக் கடந்துவர நேரமாவதே காரணம். பேச்சில் இத்தாமதம் பெரிதாகத் தெரியாது. இசையிலோ ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தினாலும் தடுமாற்றம் ஏற்படும்.

ஆகவே, ஓய்வு நேரத்தில் பாடல் உருவாக்கும் குழுவினர் தனித்தனியாகப் பதிவு செய்கின்றனர். நிமிடத்திற்கு 90 தட்டுகள் என்பதுபோல் வேகத்தை முடிவுசெய்து, அந்தத் தட்டொலியை அனைவரும் ஹெட்ஃபோனில் கேட்டபடி இசைப்பர். ஒலிபெருக்கியில் கேட்டால் அதுவும் பதிவாகிவிடும். பிறகு நீக்குவது கடினம். பதிவின் தொடக்கத்தை வெட்டாமல் அனுப்பினால்தான் எல்லாக் கோப்புகளையும் எளிதில் ஒன்றாகப் பொருத்தலாம்.

ஆனால், தட்டொலி யாருக்காகவும் காத்திராது. பாடகர் உருகி நிறுத்தும் இடத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சிலர் பாடகரின் குரலை முதலில் பதிவுசெய்து, அதைக் கேட்டே மிருதங்கம் வாசிக்கின்றனர்.