கணக்கரிலிருந்து நிதி ஆலோசகர்: கூலி யார் தருவது?

ஜூலை பிறந்தால் நீடாமங்கலத்தில் கணக்கு எழுதுவோருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வருமான வரித் தாக்கலுக்குக் கோப்பை நீட்டுகிறவர், "சார், பையன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்புற பணத்தை எதுல போடலாம்?" என்றும் கேட்டு வைப்பார்.

அதற்குப் பதில் சொல்வதையே தொழிலாக்க இப்போது வழி திறந்திருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் முதலீட்டு ஆலோசகர் விதிகள் 2013-ல் வந்தவை. முதுநிலைத் தகுதியும் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும் என்று 2020-ல் இறுக்கினார்கள். 2024 டிசம்பரில் தளர்த்தினார்கள். பி.காம். போதும், அனுபவம் கேட்பதில்லை. செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகளில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். 150 வாடிக்கையாளர்கள் வரை ரூ.1 லட்சம் வைப்புத்தொகை. இருக்கிற வேலையை விடாமல் பகுதிநேரமாகவும் பதியலாம். அப்போது 75 பேர்தான் உச்சவரம்பு, மற்ற வேலையில் வாடிக்கையாளர் பணத்தைக் கையாளக் கூடாது.

இதைவிடச் சுலபமான பாதை, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆவது. 5-ஏ என்ற ஒரே தேர்வு, 50 சதவீதம். பலர் அங்கேதான் போகிறார்கள். ஆனால் அங்கே வருமானம் ஃபண்ட் நிறுவனம் தரும் கமிஷன். ஆலோசகருக்கோ வாடிக்கையாளர் தரும் கட்டணம் மட்டுமே. ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டையும் வாங்க விதி இடம் தராது. கணக்குத் தொழிலில் இத்தனை காலம் கட்சிக்காரரிடமே கூலி வாங்கிப் பழகியவர்கள் ஆலோசகராவதே முறை என்பேன்.

கமிஷனா கட்டணமா என்பது டெல்டாவில் வெறும் கொள்கைப் பேச்சல்ல. மாதச் சம்பளக்காரருக்கு எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முதலீடு பொருந்தும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவருக்குத் தை, மாசியில்தான் மொத்தமாகப் பணம் வரும். மாதத் தவணை எழுதிக் கொடுத்தால் ஆடியில் வங்கிக் கணக்கு காலியாக இருந்து தவணை திரும்பும். அதற்கு வங்கி அபராதம் வேறு. அறுவடைப் பணத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதந்தோறும் வேறு ஃபண்டுக்குச் சிறிது சிறிதாக மாற்றும் ஏற்பாடுதான் அவருக்குச் சரிவரும். கோப்பை வருடக்கணக்காகப் பார்த்த கணக்கருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

அதிக லாப ஆசை காட்டி ஏமாற்றியதாகக் கும்பகோணத்தில் 2021-ல் 'ஹெலிகாப்டர் சகோதரர்கள்' கைதான பிறகு, இங்கே புதிதாக யார் ஆலோசனை சொன்னாலும் சந்தேகம்தான் முதலில் வரும். செபி பதிவு எண்ணைப் பலகையில் எழுதி வையுங்கள். வருகிறவர் செபி தளத்தில் சரிபார்க்கட்டும்.

முதல் சந்திப்பிலேயே அடகுக் கடை ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வட்டி ஓடிக்கொண்டிருந்தால், ஃபண்டுக்கு முன் நகையை மீட்கச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் கமிஷன் காலணாவும் கிடையாது. கட்டணம் உண்டு: குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.1.51 லட்சம் வரை விதி அனுமதிக்கிறது, நம்மூரில் சில ஆயிரங்களில் தொடங்கலாம்.