காய்ச்சலுக்குப் பெயர் சூட்டும் முன்

காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட நோயாளியிடமிருந்து இரத்தம் எடுத்த மறுநாளே, உடனிருப்போர் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்திற்கு வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் இரண்டு மணி நேரத்தில் முடிவு கொடுத்துவிட்டீர்களே, கிருமிச் சோதனைக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?" நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் காத்திருப்பது சற்று எளிதாகும். அத்துடன், சோதனை பயன்தரும் வகையில் அமையக் குடும்பத்தாரின் பங்கும் தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

சர்க்கரை வேதிப்பொருள். இரத்தத்தில் எவ்வளவு உள்ளதென்று இயந்திரம் அளந்து சொல்லிவிடும். கிருமியோ உயிர். டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஒன்றிரண்டு பாக்டீரியாக்கள் மட்டுமே இருப்பதுண்டு. ஒன்றுகூட இல்லாமல் போவதும் உண்டு. எந்த நுண்ணோக்கியாலும் அவற்றைத் தேடிப் பிடிக்க இயலாது. ஆகவே அவற்றுக்கு உணவு கொடுத்து, உடல்வெப்பத்தில் வைத்து, பெருகச் செய்த பிறகே அடையாளம் காண்கிறோம். இதுவே இரத்தக் கல்ச்சர் என்னும் வளர்ப்புச் சோதனை.

பெரியவர்களுக்கு ஒரு புட்டிக்கு 8 முதல் 10 மில்லி லிட்டர் வரை இரத்தம் எடுப்பதும், அதையே வேறோர் இடத்தில் ஊசியிட்டு மீண்டும் எடுப்பதும் இக்காரணத்தால்தான். "ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவரிடம் இவ்வளவு இரத்தமா?" என்று உறவினர் வருந்துவதைக் காண்கிறோம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நாங்கள் எடுப்பது அதில் மிகச் சிறு பங்கு. அளவு குறைந்தால் கிருமி சிக்கும் வாய்ப்பும் குறையும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப அளவு மாறும். இரண்டு இடங்களில் எடுப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. தோலின்மேல் இயல்பாக வாழும் கிருமிகள் சில வேளை ஊசியோடு புட்டிக்குள் சென்றுவிடும். ஒரு புட்டியில் மட்டும் அத்தகைய கிருமி வளர்ந்தால் அது தோலிலிருந்து வந்ததாக இருக்கலாமென ஐயுற முடிகிறது. மருந்திட்டுத் துடைத்த இடம் உலரும்வரை செவிலியர் காத்திருப்பதும், அவ்விடத்தைத் தொட வேண்டாம் என்பதும் இதற்காகவே.

புட்டிகள் இயந்திரத்துக்குள் வைக்கப்படுகின்றன. கிருமி பெருகும்போது வெளியிடும் கரியமில வாயுவை அது இடைவிடாமல் கண்காணிக்கிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை 48 மணி நேரத்துக்குள் தம் இருப்பைக் காட்டிவிடும். ஆயினும் ஐந்து நாள் வரை புட்டியை எடுப்பதில்லை. இயந்திரம் குறிப்புக் காட்டியவுடன் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்க்கிறோம். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட சாயமுறைதான். இன்றும் அதற்கு ஓய்வில்லை. கிருமி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சில நிமிடங்களில் அது காட்டிவிடுகிறது. அப்போதே வார்டு மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுவோம். அச்சிட்ட அறிக்கை உங்கள் கைக்கு வருமுன் மருந்து மாற்றப்பட்டால் வியப்படைய வேண்டாம். கிருமியின் பெயரை உறுதிசெய்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதிக்க மேலும் ஓரிரு நாள் பிடிக்கும்.

இத்தனை ஏற்பாட்டையும் வீணாக்கிவிடக்கூடியது, மருத்துவரைக் காணாமல் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரை. அது நோயைத் தீர்க்கப் போதாமல், கிருமியைப் புட்டியில் வளராமல் தடுக்க மட்டும் போதுமானதாக இருந்துவிடலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் கடும் தொற்றுடன் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. மருந்துக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரிடம் கிருமி வளர்ந்தது. அதே நோயாளிகளிடம் மருந்து தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தபோது அது 19 விழுக்காடாகக் குறைந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவர் முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்; அது சரியே. மற்ற வேளைகளில் இரத்தம் முதலில், மருந்து பிறகு. ஏற்கெனவே ஏதேனும் சாப்பிட்டிருந்தால் மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

இனி, நம் ஊர்களில் மிகவும் பழகிப்போன ஒரு சோதனை. "விடால் பாசிட்டிவ், டைபாய்டாம்" என்று அறிக்கையோடு வருவோர் பலர். பாரிசில் ஃபெர்னான் விடால் என்பவர் 1896இல் வகுத்த முறை இது. டைபாய்டுக் கிருமியை இது தேடுவதில்லை. அதை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. அப்புரதம் நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே போதிய அளவில் தோன்றும். டைபாய்டு பரவலாக உள்ள பகுதியில், முன்பு எப்போதோ தொற்று வந்துபோன நலமானவரிடமும் அது காணப்படும். மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களிலும் பொய்யாகத் தோன்றலாம். ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இருமுறை சோதித்து, இரண்டாவதில் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் அதற்குப் பொருள் உண்டு. ஒரே ஒரு விடால் அறிக்கையை வைத்துக் காய்ச்சலுக்கு டைபாய்டு என்று பெயர் சூட்டுவது, எங்கள் கருத்தில், சூட்டாமல் இருப்பதைவிடத் தீங்கானது. பெயர் கிடைத்துவிட்டதென்ற நிம்மதியில் தேடல் நின்றுவிடுகிறது.

அப்படித் தேடல் நின்றுவிடும்போது தப்பிச் செல்லும் நோய்களில் முதன்மையானது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று வழங்குகிறோம். மாட்டின் காதில் தொங்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவமே பரப்புகிறது. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் தமிழகத்தில் இந்நோய் மிகுதி. இதற்குக் காரணமான ஓரியன்சியா என்னும் பாக்டீரியா உயிரணுக்களுக்குள்ளே மட்டுமே வாழும். எங்கள் கல்ச்சர் புட்டியில் அது வளரவே வளராது. டைபாய்டுக்கு வழக்கமாக ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் கட்டுப்படாது. டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்; உயிரும் போகலாம்.

இந்நோய்க்கான எதிர்ப்புப் புரதச் சோதனையும் முதல் சில நாட்களில் நெகட்டிவாக இருக்கக்கூடும். அதற்கு முன்பே காணக் கிடைக்கும் அடையாளம் ஒன்று உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு உண்டாகும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் ஆடை இறுகும் இடம், காதின் பின்புறம் என மறைவிடங்களையே அது நாடும். எல்லோருக்கும் தோன்றுவதில்லை; தோன்றினால் நோயை ஏறத்தாழ உறுதிசெய்துவிடும். கூச்சத்தால் பலர், குறிப்பாகப் பெண்கள், உடல் முழுவதையும் காட்டத் தயங்குகிறார்கள். நோயாளியைத் துடைத்து உடைமாற்றும் தாயோ மகளோ மனைவியோ இப்பொருக்கைக் கண்டால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். எந்த இயந்திரமும் சொல்லாததை அவர் கண் சொல்லிவிடக்கூடும். விறகு பொறுக்கியது, ஆடு மேய்த்தது, களை பறித்தது, புதர்மண்டிய மனையைத் துப்புரவாக்கியது ஆகியவற்றையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

மலேரியாவில் கதை வேறு. அங்கே ஒட்டுண்ணியைக் கண்ணாலேயே காணலாம். அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான் 1880இல் அதை நோயாளியின் இரத்தத்தில் கண்டார். இன்றும் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதே அடிப்படைச் சோதனை. குளிர்நடுக்கம் வரும்போதுதான் இரத்தம் எடுக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை காணவில்லை என்பதால் மலேரியா இல்லையென்று ஆகாது. ஐயம் நீடித்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் எடுப்போம். விரைவில் முடிவு சொல்லும் அட்டைச் சோதனைகளில் ஒருவகை, நோய் குணமான பின்னும் சில வாரங்கள் பாசிட்டிவாகவே காட்டும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று அஞ்ச வேண்டாம்.

மலச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. அமீபா வெளியே வந்ததும் விரைவில் உருக்குலையும். எனவே சிறுநீர் கலக்காமல், எடுத்த அரைமணி நேரத்துக்குள் கொண்டு வருவது நல்லது. புழுக்களின் முட்டைகள் நாள்தோறும் வெளிவருவதில்லை. மூன்று நாள் மாதிரி கேட்பது அதனால்தான். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்றொரு நுண்புழு உண்டு. மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல்வழியே நுழைந்து, பல்லாண்டு ஓசையின்றிக் குடலில் வாழும். அந்நிலையில் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கலாம். ஸ்டீராய்டு தொடங்குமுன் மருத்துவர் மலமோ இரத்தமோ கேட்டால் அது வீண்செலவன்று.

அறிக்கையில் "வளர்ச்சி இல்லை" என்றிருந்தால், எடுத்த மாதிரியில் தேடிய கிருமி வளரவில்லை என்பதே பொருள், நோயில்லை என்பதன்று. காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி இரத்தம் கேட்பதும் அதனால்தான். ஐந்து நாள் முடியுமுன் வீடு திரும்ப நேர்ந்தால், வார்டில் கொடுத்துள்ள தொலைபேசி எண் உங்களைச் சேரும் எண்தானா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் செல்லுங்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ புட்டியில் ஏதேனும் வளர்ந்தால், அந்த எண்ணுக்குத்தான் அழைப்போம்.