எழுத்தாளர் வீட்டுப் பொண்ணு



இன்றைய தலைப்பு, பெற்றோரின் புகழ் பிள்ளைகளுக்குக் குடையா, தடையா? நான் குடை அணி. எதிரணி அம்மா, "ஆலமரத்தடியிலே புல்லு முளைக்காது"ன்னு சொன்னாங்க. நீங்க தட்டின கைதட்டலிலே என் கைதட்டலும் இருந்தது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். புல்லு முளைக்காது, சரி. விழுதைப் பிடிச்சு ஊஞ்சல் ஆடலாமே, அது ஏன் யாருக்கும் தோணலை? (சிரிப்பு)

நான் ஒரே ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன். கர்நாடகத்திலே, தென் கன்னடப் பக்கம், புத்தூருன்னு ஒரு ஊர். அங்கே 'பாலவனம்'னு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் சிவராம காரந்த். கன்னட நாவல் உலகத்திலே மலை மாதிரி மனுஷர். 1902 அக்டோபர் 10ஆம் தேதி கோட்டாங்கிற கிராமத்திலே பிறந்தவர். இது கோச்சிங் சென்டருக்குப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிற ராஜஸ்தான் கோட்டா இல்லீங்க. உடுப்பிக்கும் குந்தாபுரத்துக்கும் நடுவிலே கடலோரமா இருக்கிற கோட்டா. நாற்பதுக்கும் மேலே நாவல் எழுதியிருக்கார். 'சோமன துடி' 1933லே வந்தது. 'மூகஜ்ஜிய கனசுகளு' நாவலுக்காக 1977ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு. 'மண்ணும் மனிதரும்', 'அழிந்த பிறகு' ரெண்டும் தமிழிலேயே கிடைக்குது. நாவலோட நின்னாரா? யட்சகானத்தைப் புதுசாக்கினார். குழந்தைகளுக்குக் கலைக்களஞ்சியம் எழுதினார். அவசரநிலையை எதிர்த்துப் பத்மபூஷணைத் திருப்பிக் கொடுத்தார். 1989லே எண்பத்தேழு வயசுலே நாடாளுமன்றத் தேர்தல்ல நின்னு தோத்தும் போனார். 1997 டிசம்பர்லே காலமானார்.

இப்படி ஒரு அப்பா வீட்டிலே இருந்தா, பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் இருக்குமா? எதிரணி கேக்கிற கேள்வி நியாயமானதுதான். அந்த வீட்டிலே நாலு பிள்ளைகள். மூத்தவர் ஹர்ஷா 1961லேயே இறந்துட்டார். அடுத்து மாளவிகா, உல்லாஸ், க்ஷமா.

உல்லாஸ் காரந்த் யாருன்னு உங்களிலே பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இன்ஜினீயரிங் படிச்சு, விவசாயம் பார்த்து, பிறகு காட்டுக்குள்ளே போனவர். நாகரஹொளே காட்டிலே தானியங்கி கேமரா வெச்சு, ஒவ்வொரு புலியையும் அதன் உடம்புக் கோட்டை வெச்சே அடையாளம் கண்டு கணக்கெடுத்தவர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமான்னு கேப்போம். இங்கே புலிக்குப் பிறந்தவர் புலிகளையே எண்ணப் போயிட்டார்! (கைதட்டல்)

நான் பேச வந்தது அவரைப் பத்தி இல்லை. அக்கா மாளவிகாவைப் பத்தி.

திருமணத்துக்குப் பிறகு மாளவிகா கபூர். பெங்களூர் நிம்ஹான்ஸிலே மருத்துவ உளவியல் துறைக்குப் பேராசிரியராகவும் தலைவராகவும் இருந்தவர். இங்கே ஒரு சின்ன விளக்கம் சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்லே ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறோம். மனநல மருத்துவர்ங்கறவர் எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேலே மனநோய் மருத்துவம் படிச்சவர். மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மனசைப் படிச்சவர். பேசிப் பார்த்து, சோதிச்சுப் பார்த்து, குழந்தைன்னா விளையாட விட்டுப் பார்த்து, சிக்கல் எங்கேன்னு கண்டுபிடிச்சு, பேச்சாலும் பயிற்சியாலும் எடுத்து விடுவார். பிரிஸ்கிரிப்ஷன் இருக்காது. அதனாலேயே நம்மாளுக்கு அங்கே போக மனசு வராது. காசு கொடுத்தா ஒரு மாத்திரையாவது கைக்கு வரணுமில்ல? (சிரிப்பு)

மாளவிகா கபூர் எடுத்துக்கிட்டது குழந்தைகளின் மனசு. நம்ம நாட்டுப் பிள்ளைக்கு 'எனக்கு மனசு சரியில்லை'ன்னு சொல்லத் தெரியாது. சொன்னா யாரும் கேக்கவும் மாட்டாங்க. 'தலை வலிக்குது'ன்னா கேப்பாங்க. 'வயிறு வலிக்குது'ன்னா லீவும் கிடைக்கும். அதனாலே மனசின் வலி உடம்பு வழியா வெளியே வரும். அது நடிப்பில்லை. வலி நிஜமாவே இருக்கும், ஸ்கேனிலே மட்டும் தெரியாது. இதை யார் முதல்லே பார்க்க முடியும்? தினம் ஆறு மணி நேரம் பிள்ளையோட இருக்கிற வாத்தியார்தான். நாட்டிலே இருக்கிற பிள்ளைகள் தொகைக்கு உளவியலாளர் எங்கே போறது? அதனாலே ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மனநலத்தைக் கொண்டு வரணும்னு உழைச்சவங்களிலே இவங்க முக்கியமானவங்க. பெஞ்சை உடைக்கிற பையனை வாத்தியார் தானாவே கவனிச்சிடுவார். கடைசி வரிசையிலே சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கவனிக்கத்தான் பயிற்சி வேணும். நானும் முப்பது வருஷம் தமிழாசிரியர். சத்தமில்லாத பிள்ளையை 'நல்ல பிள்ளை'ன்னு எழுதிட்டுப் போனவன்.

இவங்க எழுதின ஒரு புத்தகத்தின் பேரே, என்ன சொல்லிக் கொடுக்கணும்கறதைப் பிள்ளைகளிடமே கத்துக்கணும்னு அர்த்தம் வர்ற பேர். 2016லே வந்த இன்னொரு புத்தகம், ஆயுர்வேதம் முதலான நம்ம நாட்டு வைத்திய முறைகள் குழந்தை வளர்ப்பைப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு உளவியல் கண்ணாலே பார்க்குது. அதைக் கேள்விப்பட்டதும் எனக்கு நம்ம பிள்ளைத்தமிழ்தான் ஞாபகம் வந்தது. அஞ்சாம் மாசம் தலை நிமிர்த்தி ஆடறது செங்கீரை. ஒன்பதாம் மாசம் கை கொட்டறது சப்பாணி. பதின்மூணாம் மாசம் தளர்நடை போட்டு வர்றது வாரானை. இன்னைக்குக் குழந்தை டாக்டர் சுவரிலே மாட்டியிருக்கிற அட்டவணைக்குக் கிட்டத்தட்ட வருதுங்களே! முப்பது வருஷம் இதை நான் மனப்பாடப் பகுதியா நடத்தினேன். ஒரு தடவை கூட 'இது குழந்தையைப் பத்தினது'ன்னு தோணலை.

சரி, அப்பாவின் புகழ் இவங்களுக்கு என்ன செஞ்சது? காரந்த் 1930களிலேயே பாலவனத்திலே பிள்ளைகளுக்காகச் சோதனை முறையிலே பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தவர். 1936லே சாதி தாண்டி லீலா அம்மையாரைக் கல்யாணம் பண்ணினவர். எழுதின நாவல்களைப் பாருங்க, எல்லாம் மனுஷனைத் தோண்டிப் பார்க்கிற வேலைதான். 'அழிந்த பிறகு' நாவலிலே ஒருத்தர் செத்துப் போன பிறகு, அவர் யாரு, என்ன வாழ்ந்தார்னு நண்பர் தேடிக்கிட்டுப் போறார். மூகஜ்ஜிப் பாட்டி ஒரு பொருளைத் தொட்டாலே அதன் பின்னாலே இருக்கிற மனுஷங்க கதை அவளுக்குத் தெரியும். மகளும் அதே தோண்டற வேலைதான். கடப்பாரைதான் வேற. இது என் கணிப்புங்க, அவங்க சொன்னதில்லை.

இன்னொரு அதிசயம் கேளுங்க. இவங்க கணவர் ரவி கபூர், ஆர்.எல். கபூர்னு எழுதுவாங்க, அவரும் நிம்ஹான்ஸிலே பேராசிரியர், மனநல மருத்துவர். 2006லே காலமானார். அவரும் மாரிஸ் கார்ஸ்டேர்ஸ் என்கிற எடின்பரோ பேராசிரியரும் சேர்ந்து ஒரு இந்தியக் கிராமத்தின் மனநலத்தை வீடு வீடா ஆராய்ஞ்சாங்க. 1976லே புத்தகமா வந்தது. எந்தக் கிராமம் தெரியுமா? கோட்டா! மாமனார் பிறந்த அதே கோட்டா. மாமனார் நாவலிலே எழுதின மண்ணை மருமகன் கேள்வித்தாளோட அளந்திருக்கார். (கைதட்டல்)

அங்கே பிராமணர், பண்டர், மொகவீரர்னு மூணு சமூகம். பின் ரெண்டிலேயும் மாமன் சொத்து மருமகனுக்குப் போற மரபு இருந்தது. அது மாறிக்கிட்டிருந்த காலம். மாற்றம் வந்தா மனசு என்ன பாடு படுதுன்னு பார்த்தாங்க. கூடவே, மனசு நோவும்போது ஜனங்க யார்கிட்டே போறாங்கன்னும் பார்த்தாங்க. வைத்தியர், மந்திரவாதி, சாமியாடி, டாக்டர்னு ஒருத்தரை விட்டு ஒருத்தர் இல்லை, எல்லார்கிட்டேயும் போறாங்க.

இதைப் படிச்சு நான் சிரிக்க முடியலை. ஏன்னா 2003லே நானும் அதையேதான் செஞ்சேன்.

என் மகள் அப்ப ஏழாம் வகுப்பு. என் புகழ் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி ஏற்காடு ரோட்டிலே நாலு பர்லாங் போனா என்னை யாருக்கும் தெரியாது. (சிரிப்பு) அந்த நாலு பர்லாங் புகழே ஒரு குழந்தைக்குப் போதுமா இருந்தது. பள்ளிக்கூட விழாவா, 'பேச்சாளர் பொண்ணு, மேலே ஏத்துங்க'. வீட்டுக்கு விருந்தாளி வந்தா, 'அப்பா மாதிரி ரெண்டு வார்த்தை பேசு பார்ப்போம்'. நானே எழுதிக் கொடுத்து, நானே கை எப்படித் தூக்கணும்னு காட்டி, ராத்திரி பத்து மணி வரைக்கும் பயிற்சி. அந்த வருஷம் அவளுக்கு வயித்துவலி ஆரம்பிச்சது. பூச்சி மருந்து கொடுத்தோம். எங்க அம்மா மந்திரிச்சுத் திருநீறு வாங்கிட்டு வந்தாங்க. கையிலே தாயத்து. ரெண்டு டாக்டர், ஒரு ஸ்கேன். ஒண்ணுமில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நடிக்கிறா.'

ஒரு டாக்டர்தான் ஒரு உளவியல் அம்மாகிட்டே அனுப்பினார். அவங்க மகளோட தனியா அரை மணி நேரம் பேசினாங்க. பிறகு என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க வெளியூர் போற நாள்லே அவளுக்கு வலிக்குதா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. என் மனைவி காலண்டரிலே வலி வந்த நாளையெல்லாம் வட்டம் போட்டு வெச்சிருந்தா. என்கிட்டே கூட்டத்துக்குத் தேதி கொடுத்த டைரி. அன்னைக்கு ராத்திரி ரெண்டையும் பக்கத்திலே வெச்சுப் பார்த்தேன். நான் மதுரையிலே, திருச்சியிலே, காரைக்குடியிலே பேசின எந்த நாள்லேயும் வட்டம் இல்லைங்க.

(அரங்கம் அமைதி)

நடுவர் என்னைப் பார்க்கிறார். 'நீ குடை அணிதானே, எதிரணிக்குப் பேசறியே'ன்னு. ஐயா, குடையைப் பிடிக்கத் தெரியாம பிள்ளை கண்ணிலே கம்பியால குத்தினவன் நான். குடை மேலே குத்தமில்லை.

அந்த அம்மா மேசையிலே ஒரு புத்தகம் இருந்தது. 'மென்டல் ஹெல்த் ஆஃப் இண்டியன் சில்ட்ரன்', மாளவிகா கபூர், 1995. பேரைப் படிச்சேன், மறந்துட்டேன். 2021லே மாளவிகா, உல்லாஸ், க்ஷமா மூணு பேரும் சேர்ந்து தங்கள் அப்பாவைப் பத்தி 'குரோயிங் அப் காரந்த்'னு ஆங்கிலத்திலே ஒரு புத்தகம் கொண்டு வந்தாங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது, அந்த மேசையிலே இருந்த பேரு நான் கல்லூரிக் காலத்திலே 'மண்ணும் மனிதரும்' படிச்சுட்டு ராத்திரி தூங்காம இருந்தேனே, அந்த மனுஷரோட மகள்னு.

அக்டோபர் 10 காரந்த் பிறந்த நாள்னு சொன்னேனில்ல? 1992லேருந்து உலக மனநல நாளும் அதே அக்டோபர் 10தான். தற்செயல்தான். 2022லே அதே தேதியிலே அரசாங்கம் 'டெலி மானஸ்'னு மனநலத்துக்குத் தொலைபேசிச் சேவை தொடங்கிச்சு. அதுக்குத் தலைமை இடம் இந்த அம்மா வேலை பார்த்த அதே நிம்ஹான்ஸ்தான். எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசில்லை. காலண்டரிலே வட்டம் போட்டுக்கிட்டிருக்கிற அம்மாக்கள் யாராவது டி.வி. முன்னாலே இருந்தா குறிச்சுக்கங்க.

மகளுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மேடையை விட்டோம், கொஞ்ச மாசத்திலே வயித்துவலி அவளை விட்டுது. நாமக்கல்லே கால்நடை மருத்துவம் படிச்சு, இப்ப அங்கேயே கோழிப்பண்ணைகளுக்கு டாக்டர். பேசவே மாட்டான்னு நினைச்ச பொண்ணு, பண்ணைக்காரங்களை உட்கார வெச்சு ஒரு மணி நேரம் தடுப்பூசியைப் பத்திப் பேசறாளாம். ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா, மேடைன்னாலே வயித்தைப் பிடிச்சுக்குவியே, இப்ப எப்படிம்மா?"ன்னு. "அப்பா, இங்கே யாரும் நான் யார் பொண்ணுன்னு கேக்கறதில்லை. கோழிக்கு என்னன்னுதான் கேக்கறாங்க"ங்கறா. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வெச்சுட்டார்.