படகு ஏன் இன்னும் புறப்படவில்லை?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எளாவூரில் இருக்கும் உங்கள் வீட்டில் எல்லாரும் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டீர்கள். பழவேற்காடு ஏரியின் நடுவே இருக்கும் இருக்கம் தீவில் சித்தி வீடு. அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அப்பா, அம்மா, பாட்டி, தங்கை, நீங்கள், ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம். எல்லாம் தயார் என்று வைத்துக் கொள்வோம்.

எளாவூர் நிலையத்தில் ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். காரணம் கேட்க வேண்டியதே இல்லை. சென்னை - கூடூர் பாதையில் விரைவு வண்டி ஒன்று முந்திப் போக வேண்டுமென்றால் நம்முடைய சாதாரண வண்டி ஓரங்கட்டி நிற்கத்தான் வேண்டும். சாலையில் போயிருந்தால் மட்டும்? எளாவூர்ச் சோதனைச்சாவடி அருகே லாரி வரிசை எவ்வளவு நீளும் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவழியாக ஆரம்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்கு வந்துவிட்டீர்கள். படகு நிற்கிறது. படகோட்டியும் இருக்கிறார். இருபது பேர் சேர்ந்தும்விட்டார்கள். ஆனால் படகு கிளம்பவில்லை.

"ஏம்பா, எப்பத்தான் எடுக்கப் போறே?" என்று பாட்டி கேட்கிறார்.

"மேக்காத்து அடங்கட்டும் ஆயா. தண்ணி வரட்டும்" என்கிறார் படகோட்டி.

தண்ணீர் வரட்டுமா? எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தானே இருக்கிறது! ரயில் தாமதத்திற்குக் காரணம் கால அட்டவணை. படகின் தாமதத்திற்குக் காரணம் என்ன? காத்திருக்கும் நேரத்தில் நாமே கண்டுபிடிக்கலாம் வாருங்கள்.

முதலில் ஏரியைப் பற்றி. இது ஏரி என்று பெயர் பெற்றாலும் உண்மையில் ஓர் உப்பங்கழி. ஒரிசாவின் சிலிகாவுக்கு (இன்று ஒடிசா என்கிறோம்) அடுத்து இந்தியாவில் இதுவே பெரியது. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். கிழக்கு மேற்காக மிக அகலமான இடத்தில் 17 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. இருக்கம் தீவும் அப்படியே. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்ட கரைபோல் நின்று வங்கக்கடலையும் ஏரியையும் பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் வடக்கே சுவர்ணமுகியின் கிளையும் நன்னீர் கொண்டுவருகின்றன. இவ்வளவு பரந்த நீர்ப்பரப்பின் ஆழம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் அளவுதான்! உங்கள் இடுப்பு நனையும், அவ்வளவே. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருவதும் இந்த ஆழமின்மையால்தான். பூநாரை கால் ஊன்றி நிற்கும் இடத்தில் படகு ஓடாது என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு மீட்டர் ஆழத்தில் பத்துச் சென்டிமீட்டர் குறைந்தால்கூடப் படகுக்குத் தொல்லைதான். அப்படியானால் ஏரியின் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது எது?

"கடலின் ஏற்றவற்றம்" என்று உங்களில் பலர் உடனே சொல்வீர்கள். நல்ல விடை. நிலவின் ஈர்ப்பாலும் சூரியனின் ஈர்ப்பாலும் நம் கடலில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். நிலவு புவியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால் ஏற்ற நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 9.50-க்குத்தான். இயற்கையின் கால அட்டவணையிலேயே தாமதம் எழுதியிருக்கிறது!

ஆனால் இந்த ஏற்றம் இருக்கம் தீவுவரை வந்து சேருமா? தாளும் பென்சிலும் எடுங்கள். பழவேற்காட்டு ஊர் அருகே கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரம் 200 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக் கொள்வோம். கடல் நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் உள்ளே பாயட்டும். விநாடிக்கு 400 கன மீட்டர் நீர் வரும். ஏற்றம் நீடிப்பது சுமார் 6 மணி நேரம், அதாவது 21,600 விநாடி. மொத்தம் 86,40,000 கன மீட்டர். அடேயப்பா என்று தோன்றுகிறதல்லவா? இதை ஏரியின் பரப்பில் பரப்பிப் பாருங்கள். பரப்பு 400 சதுர கிலோமீட்டர் என்று வட்டமாகக் கொண்டால் அது 40 கோடி சதுர மீட்டர். வகுத்தால் கிடைப்பது இரண்டே இரண்டு சென்டிமீட்டர்!

கடலில் ஒரு மீட்டர் ஏறும் நீர் ஏரி முழுவதும் பரவும்போது இரண்டு விரற்கடைகூட ஏறுவதில்லை. குறுகிய குழாயால் பெரிய தொட்டியை நிரப்புவது போன்ற நிலைமை. தொட்டி நிரம்புவதற்குள் வற்றம் தொடங்கிவிடுகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர்களுக்கு ஏற்றவற்றம் பெரிய செய்தி. ஆரம்பாக்கத்துக் கரையில் நிற்கும் உங்களுக்கு அது செய்தியே அல்ல.

அப்படியானால் முகத்துவாரம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு சிறு கணக்கு இருக்கிறது. கோடையில் ஏரியிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். சின்னஞ்சிறு அளவுதான். வாய் திறந்திருந்தால் கடல் அந்த நட்டத்தை அன்றன்றே ஈடு செய்துவிடும். வாய் அடைபட்டால்? நூறு நாளில் அரை மீட்டர் போய்விடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரியில் அரை மீட்டர்! ஓரங்களில் சேறு வெடித்துக் கிடக்கும். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அல்ல. எனவே மிஞ்சிய நீர் கரிக்கத் தொடங்கும். ஒரு கிலோகிராம் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். இந்த ஏரியில் கோடையில் அது 50 கிராமைத் தாண்டியதும் உண்டு. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வர வழியும் இருக்காது. படகுப் பயணி காத்திருப்பது ஒரு நாள். மீனவர் குடும்பம் காத்திருப்பது மாதக்கணக்கில்.

வாயை அடைப்பது யார்? அலைகள்தாம். அலைகள் கரைக்கு நேராக வராமல் சற்றுச் சாய்வாக வருகின்றன. அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது; திரும்பும் நீர் அதை நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ரம்பப்பல் போல வளைந்து வளைந்து ஒரு மணல் துகள் கரையோரமாகவே பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவக் காலத்தில் தெற்கு நோக்கி. ஆண்டு மொத்தத்தில் வடக்கு நோக்கிச் செல்வதே அதிகம். இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது.

அதே மணல் பயணம்தான் பழவேற்காட்டின் வாயிலும் திட்டாகச் சேருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் பெருகி வரும்போது வெள்ளம் திட்டை உடைத்துக்கொண்டு போகும். மழை பொய்த்த ஆண்டில் உடைக்க ஆள் இல்லை. மீனவர்கள் தாங்களே சேர்ந்து மணலை வெட்டி வழி திறந்த ஆண்டுகள் பல. வாயை நிலைப்படுத்தக் கற்சுவர் எழுப்பும் வேலையைத் தமிழ்நாடு அரசு 2020-க்குப் பிறகு எடுத்துக்கொண்டது. ஆனால் மெரினாவின் கதையை அறிந்த நீங்கள், அந்தச் சுவர்களுக்கு வடக்கே கரை என்ன ஆகிறது என்பதையும் கவனித்து வர வேண்டும்.

சரி, வாய் திறந்தே இருக்கிறது, ஏற்றவற்றமும் இரண்டு சென்டிமீட்டர்தான் என்றால் இன்று காலை கரையில் தண்ணீர் ஏன் இல்லை? படகோட்டி சொன்னது நினைவிருக்கிறதா? மேல்காற்று!

ஒரு தட்டையான தாம்பாளத்தில் சிறிதளவு நீர் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து மேசை விசிறியால் காற்றடியுங்கள். காற்று வரும் பக்கம் நீர் மெலிந்து, எதிர்ப்பக்கம் குவியும். ஆழமான பாத்திரத்தில் இதே சோதனையைச் செய்தால் வேறுபாடு தெரியவே தெரியாது. ஆழம் குறையக் குறைய காற்றின் கை ஓங்கும். ஏரியும் ஒரு தாம்பாளமே. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் 10 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் சாய்வு உண்டாகும். காற்றின் வேகம் பாதியானால் சாய்வு கால் பங்காகிவிடும்.

ஆடியில் காலை நேரம் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அது தண்ணீரை ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். மேற்குக் கரையாகிய ஆரம்பாக்கம் பக்கம் மட்டம் இறங்கும். நண்பகலுக்கு மேல் நிலம் நன்றாகச் சூடேறி, அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, கடல்காற்று உள்ளே வரும். தள்ளப்பட்ட தண்ணீர் திரும்பும். ஏழெட்டுச் சென்டிமீட்டர் ஏறினால்கூட இன்று போதும். படகோட்டி எந்தக் கணக்கும் போடவில்லை. ஆனால் தரையில் ஊன்றிய கழியில் ஈரம் எங்கே நிற்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிறார். அதுவே அவருடைய அளவுகோல்.

"பாதிப் பேர் இறங்கிக்கொண்டால் படகு மிதக்குமே!" என்று உங்கள் தங்கை கேட்கிறாள். கெட்டிக்காரி. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. படகு நீரைத் தொடும் பரப்பு 12 சதுர மீட்டர் என்றால், 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏற அது அரைச் சென்டிமீட்டர் அமிழும். இருபது பேருக்கு 10 சென்டிமீட்டர். அத்துடன் இயந்திரத்தின் விசிறி படகின் அடியையும் விடக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இருபது பேரோடு விசிறியின் நுனி 50 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்து, நீர் 45 சென்டிமீட்டரே இருந்தால் நகர முடியாது. பத்துப் பேர் இறங்கினாலும் விசிறி சேற்றைத் தொட்டுக்கொண்டேதான் நிற்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தண்ணீர் ஏறியதும் கரையில் காத்திருந்தவர்கள் அனைவரும் ஒரே படகில் ஏறப் பார்ப்பார்கள். தாமதமாகிவிட்டதே என்ற அவசரம்! அந்த வேளையில் படகோட்டி "மீதிப் பேர் அடுத்த நடை" என்று சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் உறவினர். விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது.

இடுப்பளவு நீர்தானே, என்ன ஆபத்து என்று நினைக்கலாம். ஏரி முழுதும் ஒரே ஆழம் அல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய கால்வாய்கள் ஆழமானவை, இழுப்பும் அதிகம். ஆழமற்ற இடத்திலும் அடியில் சேறு. கால் புதைந்தால் எடுப்பது கடினம்.

படகு கவிழ்வது எப்படி? படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழ்கிறது. அங்கே நீரின் மேல்நோக்கிய விசை கூடி, படகை மறுபடி நிமிர்த்தும். எடையின் மையம் தாழ்வாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். படகின் தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய எடை மையம் தளத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே இருக்கும். எழுந்து நின்றால் அது 65 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும். படகு 600 கிலோகிராம், இருபது பேர் 1,200 கிலோகிராம் என்றால், அனைவரும் எழுந்த நொடியில் மொத்த எடை மையம் 43 சென்டிமீட்டர் ஏறும். அந்த நிலையில் எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தால், நிமிர்த்த வேண்டிய நீரின் விசையை எடை வென்றுவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள்.

ஆகவே பறவைக் கூட்டம் தெரிந்தால் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்புங்கள். மிதவைச் சட்டையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிக்கு அது குத்தும். போட்டுத்தான் ஆக வேண்டும்.

மணி ஒன்றரை. தென்னங்கீற்று மறுபக்கம் திரும்பி ஆடுகிறது, கவனித்தீர்களா? கடல்காற்று வந்துவிட்டது. படகோட்டி கழியைப் பார்க்கிறார், முதல் பத்துப் பேரைக் கூப்பிடுகிறார். ஏறுவதற்குமுன் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பும் படகு எத்தனை மணிக்கு? இருட்டியபின் கடல்காற்று ஓய்ந்து, மறுபடியும் மேல்காற்று எழும். அதற்குள் கூழைக் குடித்து முடிக்க வேண்டும்.