ஒரே அச்சில் வார்த்த வாழ்க்கைகள்

புகழ்பெற்ற இசைவாணர்களின் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்கும் வழக்கம் ஹாலிவுட்டில் நெடுநாளாக உண்டு. அத்தகைய படங்கள் இரண்டு மூன்றை அடுத்தடுத்துப் பார்த்தவர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. பாடகர் வேறு, பாட்டு வேறு, ஊர் வேறு. ஆயினும் கதை மட்டும் முன்பே கேட்டதாக இருக்கிறதே, அது ஏன்? இந்த ஐயத்தையே கருவாகக் கொண்டு, வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் படமாக 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது ‘வாக் ஹார்ட்: த டூயி காக்ஸ் ஸ்டோரி’ என்னும் அமெரிக்கப் படம். ஜேக் காஸ்டன் இயக்கியது. அவரும் ஜட் அப்பட்டோவும் சேர்ந்து எழுதியது. டூயி காக்ஸ் என்னும் அந்தப் பாடகர் வெறும் கற்பனை. இல்லாத ஒருவருக்கு முழு வரலாறு புனைந்து, இருந்தவர்களின் வரலாறுகள் திரையில் எவ்வாறு புனையப்படுகின்றன என்பதைக் காட்டிக்கொடுப்பதே இப்படத்தின் வேலை.

இதன் நையாண்டியைச் சுவைக்க, இதற்குச் சற்று முன் வந்த இரண்டு படங்களை அறிந்திருத்தல் நலம். ஒன்று, கண்ணிழந்த இசைமேதை ரே சார்லஸைப் பற்றிய ‘ரே’ (2004). மற்றொன்று, ஜானி காஷைப் பற்றிய ‘வாக் த லைன்’ (2005). முன்னதில் நடித்த ஜேமி ஃபாக்ஸுக்கும், பின்னதில் நடித்த ரீஸ் விதர்ஸ்பூனுக்கும் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. இரண்டிலும் இளமையிலேயே உடன்பிறந்தான் ஒருவன் இறக்கிறான். ரே சார்லஸின் தம்பி துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கி மாண்டான். காஷின் அண்ணன் 1944-இல் மரமறுக்கும் ரம்பத்தில் சிக்கி உயிர் துறந்தான். இவை உண்மையில் நிகழ்ந்தவை, நகைப்புக்குரியன அல்ல. ஆனால், திரைக்கதை எழுதியோர் அந்தத் துயரத்தையே வாழ்நாள் முழுமைக்கும் திறவுகோலாக்கிவிட்டனர். 1968-இல் ஃபோல்சம் சிறையில் பாடப் போகுமுன் காஷ் ஒரு ரம்பத்தின் அருகே நின்று நினைவில் ஆழ்வதும், கதை அப்படியே இளமைக்குத் திரும்புவதுமே ‘வாக் த லைன்’ படத்தின் தொடக்கம்.

‘வாக் ஹார்ட்’ அந்த இடத்திலேயே கையை வைக்கிறது. மேடையேற வேண்டிய முதியவர் டூயி சுவரோரம் தலைகவிழ்ந்து நிற்கிறார். அழைக்க வந்தவனை அவருடைய குழுவைச் சேர்ந்த தாளக் கலைஞர் தடுக்கிறார். பாடுமுன் அவர் தம் வாழ்க்கை முழுவதையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாக வேண்டுமாம்! உடனே காட்சி 1946-ஆம் ஆண்டு அலபாமாவுக்குத் தாவுகிறது. சகோதரர் இருவரும் வெட்டுக்கத்தி கொண்டு விளையாட, ஒருவன் இடுப்போடு இரண்டு துண்டாகிறான். துண்டான பின்னும் பதறாமல், தன் பங்குக்கும் சேர்த்து நீ பெரியவனாக வேண்டும் என்று டூயிக்கு அறிவுரை கூறுகிறான். இறக்க வேண்டியவன் நீ என்று தந்தை ஆயுள் முழுதும் மகனை இடித்துரைக்கிறார். ரே சார்லஸ் கண்ணிழந்தார் அல்லவா? டூயி அதிர்ச்சியினால் மோப்பம் அறியும் திறனை இழக்கிறான்!

அப்பால் ஒவ்வொரு வழக்கமும் வரிசையாக வருகிறது. 14 வயதுப் பையனாக, நாற்பதைக் கடந்த நடிகர் ஜான் சி. ரைலியே தோன்றுகிறார். முதல் பாட்டு ஒலிப்பதிவாகி ஒரு மணி நேரம் ஆகுமுன் நாடெங்கும் புகழ்பெறுகிறது. போதைப் பழக்கம், மணமுறிவு, சிறை, திருந்துதல் எல்லாம் கால அட்டவணை போட்டாற்போல் வந்து போகின்றன. முடிவில் மேடையேறிப் பாடிய டூயி, பாடி முடித்த மூன்றாம் நிமிடத்தில் இறந்தார் என்ற எழுத்துக்கள் திரையில் தோன்றுகின்றன.

நம் நாடும் படத்தில் இடம்பெறுகிறது. பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் 1968 பிப்ரவரியில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயில ரிஷிகேசம் வந்தது வரலாறு. அங்கே அவர்கள் இயற்றிய பாட்டுக்கள் பல அவ்வாண்டு நவம்பரில் இசைத்தட்டாக வெளிவந்தன. டூயியும் அவர்களை அங்கே சந்திக்கிறான். அந்த நால்வரும் ஒருவரையொருவர் முழுப்பெயர் சொல்லியே அழைத்துக்கொள்கின்றனர். ஆண்டுக்கணக்கில் பழகிய நண்பர் யாரேனும் அப்படிப் பேசுவரோ? பார்ப்பவர்க்கு ஆள் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காகப் படக்காரர் செய்யும் தந்திரத்தை நகைச்சுவை இவ்வாறு அம்பலமாக்குகிறது.

இத்தகைய கேலி எளிதன்று. கேலி செய்யப்படும் பொருளை நன்கறிந்தவரே அதைச் செய்ய வல்லவர். டூயியின் பாட்டுக்களை ரைலியே தம் குரலில் பாடினார்; ஒவ்வொரு பத்தாண்டின் இசைப் போக்குக்கும் ஏற்ப அவை அமைக்கப்பட்டன. ஆயினும், சுமார் 3.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் ஏறத்தாழ 2 கோடி டாலரே ஈட்டியது. புகழ் பின்னரே வந்தது. ஒன்று கூறவேண்டும்: கொச்சையான காட்சிகள் இதில் உண்டு; சிறுவர்களோடு கூடியிருந்து பார்க்கத்தக்க படமன்று.

சிரித்து முடித்தபின் எஞ்சும் கேள்வி இது: அந்த அச்சினால் என்ன கேடு? துயரமே கலையைப் பிறப்பிக்கிறது என்று அது கற்பிக்கிறது. உழைப்பையும் உடனுழைத்தவரையும் அது மறைத்துவிடுகிறது. ரே சார்லஸ் ஃபுளோரிடாவில் பார்வையற்றோருக்கும் செவிப்புலன் அற்றோருக்குமான பள்ளியில் பிரெயில் முறையில் இசைக்குறிப்புப் பயின்றார். ஒரு கை எழுத்தைத் தடவிப் படிக்கும்போது அக்கை பியானோ வாசிக்க இயலாது. ஆதலின் சிறிது சிறிதாக மனப்பாடம் செய்தே வாசிக்கவேண்டும். அவ்வாறு கழிந்த ஆண்டுகளே அவரை உருவாக்கின. ஜானி காஷுடன் தொடக்கத்தில் வாசித்த இருவரும் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலாளிகள். அவர்களுடைய எளிய வாசிப்பே காஷின் இசைக்குத் தனி முத்திரை ஆயிற்று. இரண்டு மணி நேரக் கதையில் இவற்றுக்கு இடம் சுருங்கி, விம்மலுக்கும் வீழ்ச்சிக்கும் இடம் பெருகுகிறது.

அச்சுக்காக உண்மையையே வளைப்பதும் உண்டு. பஞ்சகனியில் பள்ளிக்கல்வி பெற்ற பார்சி இளைஞர் ஃபரோக் புல்சாராவே பின்னாளில் ஃப்ரெடி மெர்க்குரி எனப் புகழ்பெற்றார். அவரைப் பற்றிய ‘பொஹீமியன் ராப்சடி’ (2018), பிரிந்துபோன அவருடைய குழு 1985 ஜூலையில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சிக்காகவே மீண்டும் ஒன்று சேர்ந்ததாகக் காட்டுகிறது. உண்மையிலோ அக்குழு 1984-இல் புதிய இசைத்தட்டு வெளியிட்டு, 1985 மே வரையில் சுற்றுப்பயணமே செய்துகொண்டிருந்தது. பதினோராண்டுகளுக்கு முன்பே ‘வாக் ஹார்ட்’ நகைத்துக் காட்டிய அச்சு, இவ்வாறு மீண்டும் பெருவெற்றி கண்டது.

எனினும் கேலி வீண்போகவில்லை. ‘வாக் த லைன்’ படத்தை இயக்கிய ஜேம்ஸ் மேங்கோல்டே 2024-இல் பாப் டிலனைப் பற்றிப் படம் எடுத்தபோது, பிறப்பு முதல் முதுமை வரை செல்லாமல் 1961 முதல் 1965 வரையுள்ள சில ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். துயரமான பிள்ளைப் பருவத்தைக் காட்டி டிலனை விளக்க அவர் முற்படவில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம்மைப் போன்ற சங்கங்களின் ஆண்டு மலர்களிலும் மூத்தோர் வரலாறுகள் வெளிவருகின்றன. தகரப்பெட்டியோடு ரயிலேறினார், துன்புற்றார், உழைத்தார், உயர்ந்தார் என்னும் நான்கு படிகளில் அவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அவையும் பொய்யல்ல. ஆனால், எந்த வேலையை யாரிடம் எத்தனை நாளில் கற்றார், முதல் மாதம் யார் வீட்டில் சோறுண்டார், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணிய நாள் எது என்பவை அந்தப் படிகளில் ஏறுவதில்லை. இன்னொருவர் வாழ்க்கையோடு மாற்றி வைக்க இயலாத செய்திகள் இவையே. பேரப்பிள்ளைகள் கேட்கவேண்டியவையும் இவையே. சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போமாக.