மண்ணும் நாடும் ஒரே சொல்லா? செக் மொழியில் தடுமாறும் ஆங்கிலம்

'லேண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் செக் மொழியில் என்ன? அகராதியைத் திறந்தால் ஒரு பதில் கிடைக்காது. ஸெம்ஞெ, பூடா, போஸெமெக் என்று வரிசையாக வந்து நிற்கும். ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டால் போதுமே என்று நினைத்தால் சிக்கல்தான். ஒன்று நாட்டையும் குறிக்கும், இன்னொன்று பயிர் வளரும் மண், மூன்றாவது பத்திரத்தில் இருக்கும் மனை. கடந்த நூற்றாண்டில் நிலத்தை இழந்து, பிறகு திரும்பக் கேட்ட செக் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் வெறும் மொழிப்பாடம் இல்லை.

ஸெம்ஞெ: தரையும் அதுதான், நாடும் அதுதான்

கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தால் அது விழும் இடம் ஸெம்ஞெ. பிறந்த நாடும் ஸெம்ஞெ. முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினால் பூமிக்கோளம். ஆங்கிலத்தில் இதற்கு கிரவுண்ட், லேண்ட், கன்ட்ரி, எர்த் என நான்கு சொற்கள் தேவைப்படும்.

போஹீமியா, மொராவியா, சிலேசியா என்ற மூன்று வரலாற்றுப் பகுதிகளையும் செக் மக்கள் இதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். விவசாயி என்பதற்கான 'ஸெம்ஞெடெலெட்ஸ்' என்ற சொல்லைப் பிரித்தால் 'மண்ணில் வேலை செய்பவர்' என்று வரும். 2013 முதல் 2023 வரை அதிபராக இருந்த மிலோஷ் ஸெமனின் குடும்பப் பெயரும் இதே வேர்தான். நிலம் வைத்திருந்த சிறு பிரபுக்களை அந்தக் காலத்தில் 'ஸெமன்' என்பார்கள்.

பூடா: வயலா, மொட்டை மாடிக்குக் கீழா?

விளைச்சலைப் பற்றிப் பேசும்போது வரும் சொல் பூடா. ஆங்கிலத்தில் சாயில். ஆனால் வீட்டுக் கூரைக்கு அடியில் பழைய பெட்டிகளைப் போட்டு வைக்கும் பரணுக்கும் பூடா என்றே பெயர். 'பூடாவில் தேடிப் பார்' என்று ஒருவர் சொன்னால், மண்வெட்டி வேண்டுமா ஏணி வேண்டுமா என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு 'சாயில்', பல சொற்கள்

கட்டுமானப் பொறியாளர் படிக்கும் 'சாயில் மெக்கானிக்ஸ்' பாடத்தில் வரும் மண் பூடா இல்லை, ஸெமினா. தோண்டி எடுக்கிற, கொட்டுகிற, மேலே கட்டடம் நிற்கிற மண் அது.

ஹ்லீனா இன்னும் குழப்பும். குயவர் கையில் இருந்தால் அதை ஆங்கிலத்தில் கிளே, அதாவது களிமண் என்று எழுதலாம். மண்ணியல் அறிக்கையில் அதே சொல் வந்தால் பொருள் வண்டல் கலந்த 'லோம்'. அங்கே களிமண்ணுக்கு 'யீல்' என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் மாற்றி எழுதினால் நிலத்தின் தன்மையே மாறிவிடும்.

ஏர் ஓடும் மேல்மண்ணுக்கு ஒர்னிட்செ என்று பெயர். 'உழு' என்ற வினையிலிருந்து வந்தது. 1992-ம் ஆண்டின் விவசாய நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, விளைநிலத்தில் கட்டடம் கட்டுபவர்கள் இந்த மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்துப் பயன்படுத்த வேண்டும். கீழே இருக்கும் ஸெமினாவோடு சேர்த்துக் கொட்டிவிட முடியாது.

வரப்பு அழிந்த கதை

இந்தப் பட்டியலில் அதிக வலி உள்ள சொல் மெஸ். இரண்டு வயல்களுக்கு நடுவே புல்லும் புதரும் வளர்ந்து கிடக்கும் மண்திட்டு. 'இடையே' என்பதற்கான 'மெஸி' என்ற செக் சொல்லும் இதன் உறவுதான். ஆங்கிலத்தில் 'பாக்' என்ற சொல் இருந்தாலும் இன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பில் 'பவுண்டரி' என்று போட்டுவிடுகிறார்கள். எல்லைக்கோடு வந்துவிடும், திட்டு காணாமல் போய்விடும். தமிழில் அந்தக் கவலை இல்லை: வரப்பு.

1948-ல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே கூட்டுறவுப் பண்ணைகளுக்கான சட்டம் போடப்பட்டது. சிறு சிறு வயல்கள் ஒன்றாக்கப்பட்டு, நடுவில் இருந்த வரப்புகள் உழுது தள்ளப்பட்டன. 'வரப்பை உழுவது' என்ற தொடர் அந்தக் காலத்தின் அடையாளமாகவே செக் மொழியில் தங்கிவிட்டது.

பலரின் நிலத்தை அரசே எடுத்துக்கொண்டது. ஆனால் கூட்டுறவில் சேர்ந்த பல குடும்பங்களின் பெயர் நிலப்பதிவேட்டில் அப்படியே இருந்தது. பயன்படுத்தும் உரிமை மட்டும் கூட்டுறவுக்குப் போனது. அதாவது போஸெமெக், காகிதத்தில் இருக்கும் மனை, கைவிட்டுப் போகவில்லை. மெஸ்தான் போனது.

1989-ல் ஆட்சி மாறியது. 1991-ல் வந்த மறுசீரமைப்புச் சட்டத்தைச் செக் மக்கள் சுருக்கமாக 'பூடா சட்டம்' என்கிறார்கள். அதன் மூலம் பலருக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால்? பெரிய வயலின் நடுவே எங்கோ ஓரிடம். போக வழி இல்லை, காட்ட வரப்பும் இல்லை. சிதறிய மனைகளை ஒழுங்குபடுத்திப் பாதை அமைத்துக் கொடுக்கும் அரசுப் பணி இன்றும் நடக்கிறது.

வரப்பு போனதால் இன்னொரு இழப்பும் உண்டு. சரிவில் ஓடும் மழைநீரைத் தடுக்க எதுவும் இல்லாததால் ஒர்னிட்செ அடித்துச் செல்லப்படுகிறது. 2021 முதல், மானியம் பெறும் விவசாயிகள் ஒரே பயிரைத் தொடர்ச்சியாக 30 ஹெக்டேருக்கு மேல் போடக் கூடாது என்ற விதி வந்ததற்கு மண் அரிப்பும் ஒரு முக்கியக் காரணம்.

அப்போ எதை எப்படி எழுதுவது?

விளைச்சல், உரம் என்றால் பூடா. அஸ்திவாரம், பள்ளம் என்றால் ஸெமினா. பத்திரம், பட்டா என்றால் போஸெமெக். உழும் வயல் என்றால் போலெ. நாடு, தரை, பூமி என்றால் ஸெம்ஞெ. ஒரு செக் பாட்டி "எங்க நிலம் போச்சு" என்று சொன்னதை ஆங்கிலத்தில் எழுத உட்காருபவர், 'லேண்ட்' என்று தட்டும் முன் அவர் இதில் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.