இரண்டு வருஷத்து எஞ்சின்

ஷண்டிங் எஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. யார்டுக்குள் நாலு வேகனைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு பாதையில் விட வேண்டும். திரும்பி வந்து இன்னும் ஆறை இழுத்து வேறொரு பாதையில் சேர்க்க வேண்டும். செக்குமாடு மாதிரி நாள் முழுக்க நடந்து, இருட்டும்போது காலையில் கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கும். எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்குக் கிடைக்கிற புகழும் புகைப்படமும் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இது ஒருநாள் படுத்துக்கொண்டால் எக்ஸ்பிரஸ் இழுக்க வேண்டிய வண்டியே உருவாகாது.

போர்க்காலத்தில் இந்த வேலை பல மடங்காகும். துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கும். வெடிமருந்து, டாங்கி, எண்ணெய், ரொட்டி மாவு என எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி அனுப்ப வேண்டும். 1942-இல் பிரிட்டனின் வழங்கல் அமைச்சகம் ஒரு பொதுவான ஷண்டிங் எஞ்சினைத் தேடியது இதற்காகத்தான். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் நம்பகமான ஆறு சக்கர எஞ்சின், ‘ஜிண்டி’ என்று செல்லப் பெயர் பெற்றது. அதையே கூடுதலாகச் செய்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் எஞ்சின் கம்பெனி இதற்கு ஒப்பவில்லை. சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் சின்ன எஞ்சின்கள் செய்தே பழகியவர்கள் அவர்கள். கம்பெனியின் தலைவர் எட்கர் ஆல்காக், அமைச்சகத்தில் பொறுப்பில் இருந்த ராபர்ட் ரிடில்ஸிடம் வேறொரு யோசனையை வைத்தார். எங்களிடம் இதைவிட எளிதான எஞ்சின் இருக்கிறது, இன்னும் சுருக்கிச் செய்து தருகிறோம் என்பது அதன் சாரம். ரிடில்ஸ் சம்மதித்தார். 1943-இன் தொடக்கத்திலேயே முதல் எஞ்சின் வந்துவிட்டது. அதற்கு அமைந்த பெயர் ‘ஆஸ்டெரிட்டி’. நம் பேச்சில் சொன்னால் ‘கட்டுசெட்டு’.

அந்தக் கட்டுசெட்டை எஞ்சின் முழுக்கப் பார்க்கலாம். வார்ப்பு வேலைக்கு ஆளும் நேரமும் அதிகம் பிடிக்கும் என்பதால் வார்ப்புகளைக் குறைத்துத் தகடுகளை வெட்டி ஒட்டினார்கள். கிடைப்பதற்கரிய எஃகு வார்ப்புக்குப் பதிலாகச் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு வார்ப்பிரும்பு போதும் என்றார்கள். நீராவியை மறுபடி சூடேற்றும் ‘சூப்பர்ஹீட்டர்’ இல்லை. அதில் அவர்கள் எதையும் இழக்கவும் இல்லை. அந்தக் குழாய்கள் சூடேறிப் பலன் தருவதற்கு எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும். ஷண்டிங்கிலோ முப்பது வினாடி ஓட்டம், ஐந்து நிமிட நிறுத்தம். இரண்டு வருஷம் கடுமையாக உழைத்தால் போதும் என்ற கணக்கில் செய்த எஞ்சின் அது. அதற்குள் போர் முடிந்துவிடும், அல்லது எஞ்சினுக்குக் குண்டடி பட்டுவிடும்.

பார்வைக்குக் குள்ளம், ஆனால் குண்டு. நீளமான பாய்லரின் மேல், குதிரை முதுகில் சேணம் போட்ட மாதிரி, இருபுறமும் வழியும் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைப் பக்கவாட்டில் வைத்திருந்தால் சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பிஸ்டன் தண்டுகளுக்கு எண்ணெய் விட நுழைவதே பாடு. மேலே தூக்கிவைத்ததில் கீழே கை நுழைய இடம் கிடைத்தது. சேணத் தொட்டிக்கு ஒரு கோளாறும் உண்டு. பாய்லரின் சூட்டில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகும். அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் ‘இன்ஜெக்டர்’ வேலை செய்வதே, உள்ளே வரும் நீராவி குளிர்ந்த தண்ணீரில் பட்டுச் சுருங்குவதால்தான். தண்ணீர் ரொம்பச் சூடாகிவிட்டால் இன்ஜெக்டர் இருமிக்கொண்டு நின்றுவிடும்.

இந்த வேலைக்கு நீராவி ஏன் அவ்வளவு பொருத்தம்? இதில்தான் எனக்குத் தீராத வியப்பு. டீசல் எஞ்சின் நின்றுகொண்டிருக்கும்போது அதன் இழுவிசை பூஜ்யம். அது சுழல ஆரம்பித்த பிறகுதான் பலம் வரும். அதனால் நடுவில் மின்மோட்டாரோ கியரோ வைத்து ஏமாற்ற வேண்டியிருக்கிறது. நீராவி எஞ்சினின் முழுப் பலமும் அசையாமல் நிற்கும்போதே கிடைக்கும். ஆஸ்டெரிட்டியின் பிஸ்டன் 18 அங்குல விட்டம் கொண்டது. பாய்லரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு. பெருக்கிப் பார்த்தால் ஒரு பிஸ்டன் மேல் ஏறக்குறைய 19 டன். வால்வு திறந்த கணமே அந்தப் பாரம் வந்து உட்காரும்.

இன்னொன்று, பாய்லர் ஒரு பாட்டரி. 170 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பம் சுமார் 190 டிகிரி செல்சியஸ். கொதித்து ஆவியாகிவிட வேண்டிய தண்ணீர், அழுத்தம் அமுக்கிப் பிடித்திருப்பதால் மட்டும் தண்ணீராகக் கிடக்கிறது. டிரைவர் நீராவியை எடுத்ததும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். உடனே தண்ணீரின் ஒரு பகுதி, யாரும் அடுப்பைத் தொடாமலேயே, தானாகக் கொதித்து நீராவியாகிவிடும். திடீர்த் திடீரென்று பலம் கேட்டு, பிறகு சும்மா நிற்கும் ஷண்டிங் வேலைக்கு இதைவிடத் தோதான சேமிப்பு வேறென்ன வேண்டும்? நிற்கிற ஐந்து நிமிடத்தில் ஃபயர்மேன் நாலு மண்வாரி நிலக்கரி போட்டால் பாட்டரி மறுபடி நிரம்பிவிடும்.

பலம் இருந்து மட்டும் பயனில்லை, பிடிமானமும் வேண்டும். எஃகுத் தண்டவாளத்தில் எஃகு விளிம்புச் சக்கரம். உலர்ந்திருந்தால் எஞ்சின் எடையில் கால்பங்கு அளவுக்கு இழுக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் சக்கரம் வழுக்கும். ஆஸ்டெரிட்டியின் எடை 48 டன். ஆறு சக்கரமும் இழுக்கிற சக்கரங்கள் என்பதால் முழு எடையும் பிடிமானத்துக்கே போகிறது. கால்பங்கு, 12 டன். எஞ்சினின் இழுவிசை 23,870 பவுண்டு, அதாவது பத்தரை டன் சொச்சம். பிடிமானம் கையில் மிச்சமிருக்கிறது. ஆனால் தொட்டியின் 1,200 காலன் தண்ணீருக்கே ஐந்து டன்னுக்கு மேல் எடை. தொட்டி காலியாகக் காலியாக எஞ்சின் இளைக்கும். கடைசியில் மிச்சப் பிடிமானம் முழுக்கத் தீர்ந்து, பலமும் பிடிமானமும் சமமாகிவிடும். அப்புறம் மணலைத் தூவிக்கொண்டு சக்கரத்தைக் கெஞ்ச வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு உச்சத்தில் சோதிக்கப்பட்டது போரில் அல்ல, போருக்குப் பின் டெர்பிஷயர் மலைப்பகுதியில். குரோம்ஃபர்ட் – ஹை பீக் பாதையில் ஹாப்டன் என்ற ஏற்றம் உண்டு. 14 அடிக்கு 1 அடி ஏறும். கயிறோ பல்சக்கரமோ இல்லாமல், வெறும் பிடிமானத்தால் எஞ்சின் ஏறிய பாதைகளில் பிரிட்டனிலேயே மிகச் செங்குத்தானது அதுதான். சில வேகன்களுடன் ஆஸ்டெரிட்டிகள் தூரத்திலிருந்தே வேகம் பிடித்துக்கொண்டு வந்து மூச்சு முட்ட ஏறும். 1967-இல் அந்தப் பாதையின் கடைசி வண்டிகளை இழுத்தவையும் இவைதான். இன்று அது நடைபாதை. நடந்து ஏறுகிறவர்களுக்கே மூச்சு வாங்கும்.

கதையில் கொஞ்சம் முன்னே ஓடிவிட்டேன். ஹன்ஸ்லெட்டால் மட்டும் கேட்ட எண்ணிக்கையைச் செய்துதர முடியவில்லை. ஆண்ட்ரூ பார்க்லே, பாக்னல், ஹட்ஸ்வெல் கிளார்க், ராபர்ட் ஸ்டீஃபன்சன் அண்டு ஹாதார்ன்ஸ், வல்கன் ஃபவுண்ட்ரி என்று மேலும் ஐந்து ஆலைகளுக்கு அதே வரைபடத்தைக் கொடுத்தார்கள். 1943 முதல் 1947 வரை 377 எஞ்சின்கள் வந்தன. நார்மண்டித் தரையிறக்கத்துக்குப் பின் பல கடல் தாண்டி பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து யார்டுகளுக்குப் போயின. போர் முடிந்ததும் நெதர்லாந்து ரயில்வே 27-ஐ வாங்கிக்கொண்டது. பிரிட்டனில் லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே 75-ஐ வாங்கியது. இரண்டு வருஷத் தவணை அப்போதே முடிந்திருந்தது.

ஆனால் இந்த எஞ்சின்களைச் சாகவிடாமல் தத்தெடுத்துக்கொண்டது ரயில்வே அல்ல, நிலக்கரிச் சுரங்கம். 1947-இல் பிரிட்டிஷ் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. தேசிய நிலக்கரி வாரியம் போரில் மிஞ்சியவற்றை வாங்கியதோடு நிற்காமல், புதிதாகவும் செய்யச் சொன்னது. ராணுவமும் 1950-களில் 14 புதியவற்றை வாங்கியது. கடைசி எஞ்சின் வந்தது 1964-இல்! மொத்த எண்ணிக்கை 485. டீசல் யுகம் வாசலுக்கு வந்துவிட்ட பிறகும் சுரங்கக்காரர்கள் நீராவியை விடவில்லை. எரிபொருள் காலடியிலேயே கிடந்ததே!

புகைதான் தொல்லை. 1956-இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் ஊரை ஒட்டிய சுரங்கங்களில் கரும்புகை விட்டுக்கொண்டு திரிய முடியவில்லை. கரும்புகை என்பது எரியாமல் தப்பியோடும் எரிபொருள். பச்சை நிலக்கரியை மேலே வாரிப் போட்டால் அதிலிருந்து கிளம்பும் வாயு எரிய நேரமில்லாமல் புகைபோக்கியில் ஏறிவிடுகிறது. ஹன்ஸ்லெட் 1960-களில் இதைத் தலைகீழாக்கியது. நிலக்கரியைக் கீழிருந்து திருகுத்தண்டால் நெருப்புக்குள் ஏற்றினார்கள். வாயு மேலே உள்ள தணலைக் கடந்தே வர வேண்டும். வரும் வழியில் பக்கத் துளைகள் மூலம் புதுக்காற்றும் சேரும். புகையாகப் போக இருந்தது சூடாக மாறியது. இரண்டு வருஷ எஞ்சினுக்கு இருபது வருஷம் கழித்து நுரையீரல் சிகிச்சை!

பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டில் நீராவியை நிறுத்தியது. சுரங்கங்களில் ஆஸ்டெரிட்டிகள் 1980-களின் தொடக்கம் வரை உழைத்தன. இந்த இடைவெளிதான் அவற்றின் அதிர்ஷ்டம். இவற்றின் நீண்ட ஆயுளை வடிவமைத்தவர்களின் மேதைமைக்கு மட்டும் எழுதிவைக்க எனக்கு மனமில்லை. ஜிண்டிகளும் நல்ல எஞ்சின்கள்தான். 422-இல் ஒரு கைப்பிடி அளவே மிஞ்சின. ரயில்வே தன் எஞ்சின்களைக் கழித்தபோது காப்பாற்ற ஆள் குறைவு. சுரங்கங்கள் கழித்தபோதோ பிரிட்டன் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் சிறு ரயில்பாதைகள் முளைத்திருந்தன. லீட்ஸின் மிடில்டன் ரயில்வே 1960-இலேயே தொடங்கி வழிகாட்டியிருந்தது. அவர்களுக்குத் தேவை ஓடுகிற நிலையில், விலை குறைந்த, சிறிய எஞ்சின். அது சுரங்க வாசலில் நின்றுகொண்டிருந்தது. இன்று ஏறக்குறைய 70 ஆஸ்டெரிட்டிகள் பாதுகாப்பில் இருக்கின்றன.

பாதுகாப்பு என்றால் பெயின்ட் அடித்து நிறுத்துவதல்ல. பிரிட்டனில் ஓடுகிற பாய்லரைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அக்கக்காகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். குழாய்களை உருவி மாற்ற வேண்டும். அடுப்புப் பெட்டியையும் வெளித்தகட்டையும் கோத்துப் பிடிக்கும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓடுகிற நாளில் விடியுமுன்பே நெருப்பு மூட்டி, மணிக்கணக்கில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஒரு தகடு முந்தி விரியும், இன்னொன்று பிந்தும், மூட்டுகள் விரிசல் விடும். அடுப்பின் கூரையில் ஈயம் நிரப்பிய ஒரு திருகு உண்டு. தண்ணீர் மட்டம் ஆபத்தாக இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும்.

வரைபடம் ஒன்றுதான் என்பதால் ஒரு எஞ்சினின் பாய்லர் இன்னொன்றில் ஏறும், ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்குப் போகும். எது அசல் என்று கேட்டால் எஞ்சினின் அடிச்சட்டத்தைக் காட்டுவார்கள். டீன் ஃபாரஸ்ட் ரயில்வேயில் ‘வில்பர்ட்’ என்று ஒன்று இருக்கிறது. தாமஸ் என்ற நீல எஞ்சினின் கதைகளை எழுதிய பாதிரியார் வில்பர்ட் ஆட்ரியின் பெயர் அது. இன்னொரு ஆஸ்டெரிட்டிக்கோ சேணத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத் தொட்டி மாட்டி, நீலம் பூசி, முகமும் வைத்துத் தாமஸாகவே ஆக்கிவிட்டார்கள். பார்க்க வரும் குழந்தைகளில் யாருக்கும் அது போருக்கென்று வரைந்த எஞ்சின் என்று தெரியாது.

பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்க வாசலில் வாழ்ந்த இந்த எஞ்சின்கள் இப்போது கப்பலில் வரும் வெளிநாட்டு நிலக்கரியை எரித்து ஓடுகின்றன.